குடிதண்ணீருக்கும் ஒரு தணிக்கை

நமது கூட்டுறவுச் சங்கங்களில் நகையின் பேரில் கடன் கேட்டு வரும் அங்கத்தினர் எவராயினும், அவர் காரியதரிசிக்கு எத்துணை நெருங்கிய உறவினராயினும், அவர் கொணர்ந்த நகையை மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரைத்துப் பாராமல் ஒரு காசும் கொடுக்கப்படுவதில்லை. பால் சங்கத்திலோ, ஊற்றுகிற ஒவ்வொரு படிப் பாலும் பால்மானியைக் கண்ட பின்னரே கேனில் சேருகிறது. கணக்குப் புத்தகங்கள் எவ்வளவு அழகிய கையெழுத்தில் எழுதப்பட்டிருப்பினும் ஆண்டுதோறும் அவற்றுக்குத் தணிக்கை உண்டு. இவ்வளவு ஜாக்கிரதையுள்ள நாம், நம் குழந்தைகள் நாள்தோறும் குடிக்கும் தண்ணீரை மட்டும் கண்ணால் பார்த்து, "தெளிவாயிருக்கிறது, ருசியாயிருக்கிறது" என்று சொல்லி ஏற்றுக்கொண்டு விடுகிறோம். இது பெருந்தவறு என்பதையும், தண்ணீரைத் தணிக்கை செய்யும் முறை யாது என்பதையும், அது நம் கிராமத்தாரால் செய்யக்கூடிய எளிய காரியமே என்பதையும் அங்கத்தினர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நெய்வேலியின் அடிநீர்

நெய்வேலி நகரியத்தையும் அதைச் சூழ்ந்த கிராமங்களையும் சேர்ந்தவர்களுக்குத் தண்ணீரைப் பற்றி ஒரு பெருமை உண்டு; அப்பெருமைக்குக் காரணமும் உண்டு. 1930-களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் தோண்டியபோதுதான் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது என்பதை யாவரும் அறிவர். அதாவது, நீரைத் தேடிப் போனவர்க்கு நெருப்புக்கு வேண்டிய பொருள் கிடைத்தது. 1956-ல் நிலக்கரி நிறுவனம் ஏற்பட்டு, 1957-ம் ஆண்டு மே மாதம் 20-ந் தேதி ஜவாஹர்லால் நேரு அவர்கள் சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். நிலக்கரிப் படுகைக்குக் கீழே மணற்பாறை அடுக்குகளில் நீர் பெரும் அழுத்தத்துடன் அடைபட்டிருப்பதால், அதை இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைக் குறைத்தாலன்றி, அது சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு மேலெழும்பும். இவ்விதம் இறைக்கப்படும் நீர் அனல்மின் நிலையங்களுக்கும் நகரியத்தின் தேவைகளுக்கும் உதவுகிறது. மிகுதி வாலாஜா ஏரி முதலியவற்றைச் சேர்ந்து பாசனத்துக்கும் பயன்படுகிறது.

மழைநீர் பல ஆண்டுகளாக மணலினூடே மெதுவாக இறங்கி அவ்வளவு ஆழத்தை அடைவதற்குள், அதிலிருந்த கிருமிகள் பெரும்பாலும் வடிகட்டப்பட்டும், இரையின்றி மடிந்தும் போகின்றன. ஆகையால் ஆழ்குழாய்க் கிணற்றின் வாயில் நிற்கும் நீர் சாதாரணமாகக் கிருமிகள் அற்றதே. ஆனால் நாம் குடிப்பது கிணற்றின் வாயில் அன்று. அந்நீர் மோட்டாரால் மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றப்பட்டு, தெருவெங்கும் குழாயில் ஓடி, குடத்தில் நிறைந்து, அடுக்களையில் ஒருநாள் இருந்து, அதன் பிறகே குவளையை அடைகிறது. நூறு மீட்டர் ஆழத்தில் இயற்கை காத்துக் கொடுத்த சுத்தத்தை நாம் அரை பர்லாங்கு தூரத்தில் இழந்துவிடுகிறோம். எனவே, "எங்கள் தண்ணீர் ஆழத்துத் தண்ணீர்" என்ற பெருமை ஒருபோதும் பரிசோதனைக்கு ஈடாகாது.

மணல் செய்த நன்மையும் கிருமி செய்த தீமையும்

மணல் எவ்வளவு நன்மை செய்யும் என்பதற்கு ஜெர்மனி தேசத்தில் 1892-ல் நிகழ்ந்தது சிறந்த அத்தாட்சி. ஹாம்பர்க், ஆல்டோனா என்ற இரு நகரங்களும் எல்லை தெரியாதபடி அடுத்தடுத்து இருந்தவை; இரண்டும் எல்பே என்னும் ஒரே ஆற்றின் நீரையே குடித்தன. ஆல்டோனா நீரை மணலில் வடிகட்டிக் கொடுத்தது. ஹாம்பர்க் அவ்வாறு செய்யவில்லை. அவ்வாண்டு வந்த வாந்திபேதியில் ஹாம்பர்க்கில் 8,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆல்டோனாவில் மாண்டவர் தொகை அதனினும் மிகக் குறைவே. இதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1884-ல், ராபர்ட் காக் என்ற அறிஞர் நமது கல்கத்தாவுக்கு வந்து ஆராய்ந்து, அந்நோயின் கிருமியை நோயாளிகளிடத்தும், ஜனங்கள் குடிக்கவும் குளிக்கவும் பயன்படுத்திய ஒரு குளத்து நீரிலும் கண்டறிந்திருந்தார்.

இவை பழங்கதைகள் என்று எண்ணற்க. 1992-ம் ஆண்டின் பிற்பகுதியில் வாந்திபேதிக் கிருமியின் புதிய இனமொன்று முதன்முதலாகத் தென்பட்டது நம் சென்னை முதலிய இடங்களிலேதான். நமக்கு அண்மையிலுள்ள காரைக்காலில் 2022-ம் ஆண்டு ஜூலை மாதத்தில் வாந்திபேதி பரவி, பொதுச் சுகாதார நெருக்கடி என்று அறிவிக்கப்பட்டு, பள்ளிக்கூடங்கள் மூன்று நாள் மூடப்பட்டன. டைபாயிட் சுரம், சீதபேதி, மஞ்சள் காமாலையில் சில வகைகள் ஆகியனவும் இவ்வழியே வருவன. இந்நோய்கள் அனைத்திற்கும் மூலம் ஒன்றே: மனிதனின் மலம் எவ்வகையிலோ மனிதனின் குடிநீரை அடைந்துவிடுவது.

பரிசோதனையில் தேடப்படுவது யாது?

நோய்க் கிருமிகள் பல வகை. ஒவ்வொன்றையும் தனித்தனியே தேடுவது மிகுந்த செலவும் காலமும் பிடிக்கும் வேலை. மேலும் அவை நீரில் மிகக் குறைந்த அளவில் இருக்கக்கூடுமாதலால், ஒரு பாட்டில் நீரில் அகப்படாமற் போனது கொண்டு இல்லையென்று சொல்லிவிடவும் முடியாது. ஆதலால் நிபுணர்கள் வேறொரு வழியைக் கைக்கொண்டனர். மனிதர், மாடு, ஆடு முதலியவற்றின் குடலில் எப்போதும் கோடிக்கணக்காக வாழும் ஒரு கிருமி உண்டு. 1885-ல் எஷெரிக் என்ற மருத்துவர் அதைக் கண்டுபிடித்தமையால் அதற்கு எஷெரிகியா கோலி என்று பெயர், சுருக்கமாக ஈ. கோலி என்பர். அதில் பெரும்பாலான வகைகள் தம்மளவில் தீங்கற்றவை. எனினும், குடலில் வாழும் அது நீரில் காணப்பட்டால், அந்நீரில் மலம் கலந்திருக்கிறது என்பது நிச்சயம். மலம் வந்த வழியே நோயும் வரக்கூடும். களவு போகுமுன் வேலியில் கண்ட காலடியை ஒத்தது இது. காலடியைக் கண்டவன் கள்ளன் வரும்வரை காத்திரான்.

இந்தியத் தர நிர்ணயத்தின்படி (ஐ.எஸ். 10500, 2012), குடிதண்ணீரில் 100 மில்லிலிட்டர் அளவில் ஈ. கோலி ஒன்றுகூடக் காணப்படலாகாது. இதில் "கொஞ்சம் இருந்தால் பாதகமில்லை" என்ற பேச்சுக்கே இடமில்லை.

பரிசோதனைச் சாலையில் நடப்பது

கிண்டியிலுள்ள கிங் நிலையம் 1899-ல் அம்மைப்பால் தயாரிப்பதற்காக ஏற்பட்டு, சென்னை மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனராயிருந்த கிங் என்பவரின் பெயரைப் பெற்றது. நீரைப் பரிசோதிக்கும் வேலையும் அங்கே நெடுங்காலமாக நடந்து வருகிறது. இக்காலத்தில் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைச் சாலைகள் ஜில்லாதோறும் இருப்பதால், நம் கடலூர் ஜில்லாவாசிகள் அவ்வளவு தூரம் செல்ல வேண்டியதில்லை.

அங்கே நடப்பது இதுதான்: பால் சர்க்கரையும் பித்த உப்பும் சேர்ந்த குழம்பு பல கண்ணாடிக் குழாய்களில் வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றினுள்ளும் ஒரு சிறு குழாய் தலைகீழாகக் கவிழ்க்கப்பட்டிருக்கும். இவற்றில் வெவ்வேறு அளவு நீரை விட்டு, உடலின் சூடாகிய 37 டிகிரி வெப்பத்தில் வைப்பர். குடற்கிருமி இருந்தால் அது பால் சர்க்கரையைப் புளிக்கச் செய்யும். குழம்பின் நிறம் மாறும். உண்டாகும் வாயு கவிழ்ந்த சிறு குழாயில் குமிழாகச் சேரும். 48 மணி நேரத்துக்குள் குமிழ் தோன்றிய குழாய்கள் எத்தனை என்று எண்ணி, அட்டவணையின் உதவியால் 100 மில்லிலிட்டரில் கிருமிகள் எத்தனை இருக்கக்கூடும் என்று கணிப்பர். பின்னர் 44 டிகிரிக்குச் சற்று மேற்பட்ட வெப்பத்தில் மறுபடியும் வளர்த்து, அது மலத்தைச் சேர்ந்த கிருமிதானா என்று உறுதி செய்வர். நீரை நுண்ணிய சவ்வில் வடிகட்டி, அச்சவ்வின்மேல் வளரும் கிருமிப் புள்ளிகளை எண்ணும் முறையும் உண்டு. இவ்விரண்டிலும் கிருமி வளர்வதற்கு நேரம் வேண்டுமாதலால், காலையில் கொடுத்த நீருக்கு மாலையில் முடிவு கேட்பது பயனற்றது.

நீர் எடுக்கும் முறை

பரிசோதனை பிழைபடுவது பெரும்பாலும் சாலையில் அன்று. நீர் எடுக்கும் கையில்தான். பின்வருவனவற்றைக் கவனித்தல் அவசியம்.

1. பரிசோதனைச் சாலையார் கொடுக்கும் கிருமி நீக்கிய பாட்டிலையே உபயோகிக்க வேண்டும். சோடா பாட்டிலும் எண்ணெய்ப் பாட்டிலும் கழுவிக் கொண்டுபோவது வீண்.

2. பாட்டிலினுள் சிறிது வெண்ணிற மருந்து இருக்கும். அது நீரிலுள்ள குளோரினின் வேலையை நிறுத்துவதற்காக வைக்கப்பட்டது. அழுக்கென்று எண்ணி அதைக் கழுவிவிடலாகாது.

3. குழாயில் மாட்டிய ரப்பர் துண்டு, துணி முதலியவற்றை நீக்கி, இரண்டு மூன்று நிமிஷம் நீரை ஓடவிட வேண்டும். இரும்புக் குழாயாயின், சாராயத்தில் தோய்த்த பஞ்சைக் கொளுத்தி அதன் வாயைச் சுட்டு, மறுபடி சிறிது நேரம் ஓடவிடுக. பிளாஸ்டிக் குழாயாயின் அப்பஞ்சைக் கொளுத்தாமல் அதனால் துடைத்தல் போதும்.

4. கடைசி நிமிஷத்தில் மூடியைத் திறந்து, மூடியின் உட்புறமும் பாட்டிலின் வாயும் விரல் படாமல் நீரைப் பிடித்து, மேலே சிறிது இடம் விட்டு உடனே மூடுக.

5. இடம், தேதி, மணி ஆகியவற்றை எழுதி ஒட்டி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் கூடுமானால் ஆறு மணி நேரத்துக்குள், எவ்விதத்தும் ஒரு நாளுக்குள், சாலையில் சேர்ப்பிக்க வேண்டும்.

ஓரிடத்து நீர் மட்டும் போதாது. ஆழ்குழாயின் வாய், மேல்நிலைத் தொட்டி, தெருவின் கடைசிக் குழாய் ஆகிய மூன்றிலும் எடுக்க வேண்டும். முதலிலேயே கெட்டிருந்தால் கிணற்றில் குற்றம். கிணறு நன்றாயிருந்து தொட்டி கெட்டிருந்தால் தொட்டியில் குற்றம். இரண்டும் நன்றாயிருந்து கடைசிக் குழாய் மட்டும் கெட்டிருந்தால் வழியிலுள்ள குழாய்த் தொடரில் குற்றம். ஊரின் குழாயைச் சோதிக்கும் நாளிலேயே காலனிக் குழாயையும் சோதிப்பது சங்கத்தாரின் கடமை. ஒரு தெருவுக்கு மட்டும் நல்ல நீர் என்பது எந்தத் தெருவுக்கும் பாதுகாப்பன்று.

கிராமத்திலேயே செய்யக்கூடிய சோதனை

குவாலியரிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மஞ்சா முதலிய அறிஞர்கள் 1982-ல் ஓர் எளிய முறையை வெளியிட்டனர். அது இன்று உலகத்தின் பல பாகங்களிலும் வழங்குகிறது. சிறு சீசாவினுள் மருந்தில் தோய்த்து உலர்த்திய காகிதம் ஒன்று இருக்கும். அதில் குறித்த கோடுவரை நீரை நிரப்பி மூடி, வெதுவெதுப்பான இடத்தில் வைக்க வேண்டும். மலக்கலப்பு இருந்தால், அதனோடு சேர்ந்து வரும் சில கிருமிகள் கந்தக வாயுவை உண்டாக்க, நீர் ஒன்றிரண்டு நாளில் கறுத்துவிடும். 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்கு இத்தகைய களச் சோதனைகளில் பயிற்சி அளிக்க ஏற்பாடு உண்டு. கிருமிச் சோதனை ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும், செய்யப்பட வேண்டுமென்பதும் அதன் விதி.

ஓர் எச்சரிக்கை: நீரை ஊற்றியவுடனேயே சீசா கறுத்தால் அது கிருமியின் வேலையன்று, நிலத்தடி நீரில் இயல்பாயுள்ள கந்தகச் சேர்மத்தின் வேலை. அப்பொழுது பரிசோதனைச் சாலைக்கே அனுப்ப வேண்டும். சீசா கறுக்காமையால் மட்டும் நீர் முற்றும் நல்லது என்று சாதிக்கவும் கூடாது. இது சந்தேகத்தைக் காட்டும் கருவி. தீர்ப்புக் கூறுவது பரிசோதனைச் சாலையே.

ஒரு கிராமத்தில் கண்டது

சில ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மழையின்போது, நகரியத்தை அடுத்த ஒரு கிராமத்துச் சங்கத்தின் பேரவைக் கூட்டத்துக்குச் சென்றிருந்தேன். கீழத்தெருவிலிருந்து அங்கத்தினர் ஒருவரும் வரவில்லை. விசாரித்ததில், அத்தெருவில் வீட்டுக்கு வீடு குழந்தைகளுக்கு வாந்தியும் பேதியும் என்று தெரிந்தது. ஒன்றரை வயதுக் குழந்தையொன்று ஆஸ்பத்திரியில் நான்கு நாள் கிடந்து உயிர் தப்பியது. பயிற்சி பெற்ற பெண்மணி ஒருவர் தொட்டியடியிலும் கீழத்தெருக் கடைசியிலும் நீர் எடுத்துச் சீசாக்களில் வைத்தார். இரண்டாம் நாள் காலையில் தொட்டியடிச் சீசா தெளிந்தே இருந்தது. கீழத்தெருச் சீசா மையாய்க் கறுத்திருந்தது.

அப்போது சங்கத் தலைவர், "இதை வெளியில் சொல்ல வேண்டாம் ஐயா, ஊருக்குக் கெட்ட பெயர். பெண் கொள்ளக் கொடுக்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்றார். அவர் கெட்டவரல்லர், ஊரிடத்துப் பற்றுடையவர். அங்கத்தினரான மூதாட்டி ஒருவர் எழுந்து, "ஏன் தம்பி, கடன் பாக்கிக்காரர் பெயரை மட்டும் பலகையில் எழுதி ஒட்டுகிறீர்களே, என் பேரப்பிள்ளையைப் படுக்கையில் தள்ளின தண்ணீரின் பெயரை எழுதினால் என்ன?" என்று கேட்டார். தலைவர் சற்று நேரம் பேசாதிருந்து, பின் தம் கையாலேயே எழுதிச் சங்கத்தின் வாயிலில் ஒட்டினார். பஞ்சாயத்தார் தோண்டிப் பார்த்தபோது, சாக்கடைக்கு அடியில் சென்ற குழாயில் ஒரு விரிசல் காணப்பட்டது. போதாக்குறைக்கு, அத்தெருவினர் நீர் தாழ்வாக வருகிறதென்று குழி தோண்டிக் குழாயை அறுத்து அதனுள் வைத்துப் பிடித்து வந்தனர். நீர் ஓடும்போது விரிசல் வழியே வெளியே கசியும். மோட்டாரை நிறுத்தியதும் குழாய் வெறுமையாகி, அதே விரிசலும் அதே குழியும் சாக்கடையை உள்ளே உறிஞ்சும். குழாய் மாற்றப்பட்டது, குழி தூர்க்கப்பட்டது. அதன் பின் வைத்த சீசா கறுக்கவில்லை.

பரிசோதித்து, முடிவைப் பீரோவில் பூட்டி வைப்பதைக் காட்டிலும் பரிசோதியாமலிருப்பதே மேல். ஏனெனில் பின்னது அறியாமை. முன்னதோ அறிந்து செய்த குற்றம்.

நீர் கெட்டது என்று கண்டால்

முதலாவதாக, அன்றே ஊராருக்கு அறிவித்து, குடிக்கும் நீரை நன்றாகத் தளதளவென்று கொதிக்க வைத்து ஆற்றிக் குடிக்கச் சொல்ல வேண்டும். பேதி கண்ட குழந்தைக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

இரண்டாவதாக, தொட்டியில் குளோரின் சேர்க்க வேண்டும். நான்கில் ஒரு பங்கு குளோரின் சத்துள்ள பிளீச்சிங் பவுடராயின், 1,000 லிட்டருக்கு 4 கிராம் வீதம் போட்டால் லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் ஆகும். 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். தூளை அப்படியே கொட்டலாகாது; வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பின் மேலுள்ள தெளிவை மட்டும் ஊற்றி, அரைமணி நேரம் விட்டு நீரைத் திறக்க வேண்டும். மூட்டையைத் திறந்து போட்டால் தூளின் சத்து காற்றில் போய்விடும். சத்துப் போன தூளைப் போடுவது சுண்ணாம்பைப் போடுவதேயாகும்.

மூன்றாவதாக, கடைசிக் குழாயில் குளோரின் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிறு குழாயில் நீரைப் பிடித்து மருந்துத் துளி விட்டால் தோன்றும் நிறத்தைக் கொண்டு இதை ஒரு நிமிஷத்தில் அறியலாம். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையலாகாது. நேற்று இருந்த மிச்சம் இன்று திடீரென்று இல்லாமற் போனால், வழியில் எங்கோ அழுக்கு நுழைந்து குளோரினை விழுங்குகிறது என்று அறிக. கிருமிச் சோதனை ஆண்டுக்கு இருமுறையாயினும், இது நாள்தோறும் நடக்க வேண்டிய சோதனை.

நான்காவதாக, குற்றத்தின் இடத்தைத் தேடித் திருத்த வேண்டும். தொட்டியின் மூடி பூட்டப்பட்டுள்ளதா? 2022 டிசம்பரில் புதுக்கோட்டை ஜில்லா வேங்கைவயலில் ஆதிதிராவிடர் குடியிருப்பின் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட கொடுமை, குழந்தைகள் நோயுற்ற பின்னரே வெளிப்பட்டது என்பதை மறத்தலாகாது. தொட்டி கழுவிய தேதி அதன்மேல் எழுதப்பட்டுள்ளதா? கைப்பம்பின் மேடையில் வெடிப்பு உண்டா? குழாய் சாக்கடையைக் கடக்கிறதா? திருத்திய பின் மறுபடியும் நீரெடுத்துச் சோதித்தாலன்றி வேலை முடிந்ததாகாது.

கடைசியாக, வீட்டுக் குடம். நல்ல நீரும் கையை விட்டு மொள்ளும் குடத்தில் கெட்டுவிடும். குடத்தை மூடி வைத்து, நீண்ட காம்புள்ள முகவையால் எடுப்பதும், கழிப்பிடம் சென்று வந்தபின் கையைச் சோப்பிட்டுக் கழுவுவதும் செலவில்லாத சிகிச்சை.

சங்கத்தின் கடமை

குடிதண்ணீர் பஞ்சாயத்தின் பொறுப்பு. சங்கத்துக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். 1904-ல் திரூரில் நம் மாகாணத்தின் முதல் கிராமக் கடன் சங்கம் ஏற்பட்டபோது, அதன் கருத்து ஒருவர்க்கொருவர் பிணையாதல் என்பதே. ஒரே குழாயில் நீர் குடிக்கும் குடும்பங்கள், விரும்பினும் விரும்பாவிடினும், ஒருவர்க்கொருவர் பிணையாளிகளே. மேலும் ஒரு வீட்டில் ஒரு டைபாயிட் சுரம் வந்தால், அதற்கான செலவு நகைக் கடனாகவும், வேலையிழந்த நாட்கள் தவணைப் பாக்கியாகவும் நம் பேரேட்டிலேயே வந்து நிற்கின்றன.

ஆகையால் ஒவ்வொரு சங்கமும் தன் அடுத்த கூட்டத்தில் மூன்று தீர்மானங்களைச் செய்துகொள்ளுமாறு வேண்டுகிறேன்: பயிற்சி பெற்ற பெண்மணிகளைக் கொண்டு மழைக்கு முன்னும் பின்னும் மூன்று இடங்களில் நீரைச் சோதிப்பது; முடிவு எதுவாயினும் அன்றே அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது; குற்றம் கண்டால் பஞ்சாயத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, திருத்திய பின் மறுபடி சோதிப்பது. வடகிழக்கு மழைக்கு முன் இவை நடைபெறுமாயின், அடுத்த பேரவைக் கூட்டத்தில் கீழத்தெருவின் பெஞ்சுகள் வெறுமையாய் இரா.